சந்தைக் காய்கறிக் கழிவு: உரமாகாமல் நாறிப்போவது ஏன்?

சந்தைக் காய்கறிக் கழிவில் உரம் தயாரிக்கிறோம், எரிவாயு எடுக்கிறோம் என்று ஆர்வமாக ஆரம்பித்து, கொஞ்ச நாளில் நாற்றம் தாங்காமல் இழுத்து மூடிவிடுகிறார்கள். பழி இயந்திரத்தின் மேல் விழும். ஆனால் தவறு பெரும்பாலும் கழிவு விழுந்த இடத்திலேயே, முதல் நாளே நடந்திருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கொட்டுவோம், அப்புறம் பிரித்துக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் அந்தத் தவறு. முட்டைக்கோஸ் இலைக் குவியலைக் கிளறிப் பாருங்கள், நடுவில் சணல் கயிறு, ரப்பர் பேண்ட், கிழிந்த பிளாஸ்டிக் பை எல்லாம் கிடக்கும். அழுகிய சாறு படிந்த பையைத் தேடி எடுக்க யாருக்கும் மனசு வராது, அது அப்படியே அரைவை இயந்திரத்துக்குள் போய், துணுக்கு துணுக்காக உரத்தில் கலந்து, கடைசியில் வயலுக்கு வந்து சேரும். கடையிலேயே தனிக் கூடை வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

அடுத்தது தண்ணீர். காய், பழம், கீரையில் 80 முதல் 95 சதவீதம் தண்ணீர்தான். தனியாகக் குவித்தால் அமுங்கி, காற்று போகாமல், மக்குவதற்குப் பதில் அழுகும். சருகு, வைக்கோல், மரத்தூள் என்று காய்ந்த பொருளைத் தாராளமாகக் கலக்க வேண்டும். கரிமமும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) 25 அல்லது 30-க்கு 1 என்ற அளவில் இருந்தால் நன்றாக மக்கும். ஒரு கைப்பிடி அள்ளிப் பிழியுங்கள், ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் வடிந்தால் இன்னும் சருகு போடுங்கள். அடியில் வடியும் புளித்த சாற்றைத் திரவ உரம் என்று நினைத்து அப்படியே செடிக்கு ஊற்றாதீர்கள், வேர் கருகிவிடும்.

கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் கலனில் நடக்கும் தவறு வேறு. இனிப்புப் பழங்கள் வேகமாகப் புளித்து அமிலமாகும், ஆனால் மீத்தேன் என்ற எரியும் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிரிகள் மெதுவாகத்தான் வளரும். கார அமில நிலை (pH) 6.5-க்குக் கீழே இறங்கினால் அவை சோர்ந்துவிடும். வாயு குறைகிறதே என்று இன்னும் கழிவைக் கொட்டுவதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு. அந்த நேரத்தில் தீனியை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். புதுக் கலனைச் சாணக் கரைசலில் தொடங்கி, சில வாரங்களில் கழிவின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலைத் தவிர்ப்பது நல்லது, அதிலுள்ள எண்ணெய் அந்த நுண்ணுயிரிகளுக்கு ஆகாது.

சரி, மாட்டுக்குப் போட்டுவிடலாமே? புதிதாக இருக்கிற காலிஃபிளவர் இலை, கேரட் எல்லாம் அளவோடு கொடுக்கலாம். பூஞ்சை பிடித்ததைக் கொடுக்கவே கூடாது, அதன் நச்சு பால் வரை வரும். வெங்காயம் அதிகமானால் மாட்டின் சிவப்பணுக்கள் சிதைந்து ரத்தசோகை வரும். பழத்தைத் திடீரென்று குவித்துப் போட்டால் வயிற்றில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்து.

கடைசியாக, உரத்தை அவசரப்பட்டு அள்ளாதீர்கள். குவியல் 55 டிகிரிக்கு மேல் குறைந்தது மூன்று நாளாவது சூடேறி, பிறகு தானாகத் தணிய வேண்டும். கொஞ்சம் ஈர உரத்தை ஒரு பையில் போட்டுக் கட்டி வைத்து, சில நாள் கழித்துத் திறந்து பாருங்கள். மண்வாசனை வந்தால் செடிக்குப் போடலாம், புளிப்போ அம்மோனியா நெடியோ அடித்தால் இன்னும் சில வாரம் மக்க விடுங்கள்.