வெளிநாட்டில் படிக்கப் போகிறீர்களா? முதலில் அறையைச் சரியாகப் பிடியுங்கள்

பெரிய நகரத்துக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு முதல் சில மாதங்களில் பணமும் தூக்கமும் உடம்பும் ஒன்றாகக் கெடுகிற இடம் பெரும்பாலும் தங்கும் அறைதான். அது சரியாக அமைந்துவிட்டால் மற்றதைப் பழகிக்கொள்ளலாம். அதனால் இந்தக் குறிப்பு முழுக்க அறையைச் சுற்றியே வருகிறது.

ஊரில் இருந்தபடியே ஒரு வருடத்துக்கு அறை பேசி முடிக்காதீர்கள். பல்கலைக்கழக விடுதி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். கிடைக்காவிட்டால் 10 முதல் 14 நாளுக்கு ஒரு தற்காலிக இடம் பிடித்து, போய் இறங்கி, நேரில் பார்த்து முடிவு செய்யுங்கள். "நான் வேலையாக வேறு நாட்டில் இருக்கிறேன், முன்பணம் போட்டுவிடுங்கள், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று யார் சொன்னாலும் அது மோசடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதி வாடகையைவிடக் கணிசமாகக் குறைவு, "இன்றே பணம் போடாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும்" என்ற அவசரம், இரண்டும் சேர்ந்து வந்தால் விலகிவிடுங்கள். விளம்பரப் படங்களைப் படத்தேடலில் போட்டுப் பார்த்தால், அதே சமையலறை வேறொரு நகரத்தின் விளம்பரத்தில் இருப்பது சில நேரம் தெரிந்துவிடும்.

தூரத்தை வரைபடத்தை மட்டும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வேலைநாள் காலை 8 மணிக்கு, அந்த வீட்டு வாசலிலிருந்து வகுப்பறை வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒவ்வொரு வண்டி மாற்றத்துக்கும் காத்திருப்பு கூடும். ஒரு ரயில் தவறினால் அடுத்ததும் தவறும். ஒரு வழிக்கு 25 நிமிடம் அதிகமானால், வாரம் 5 நாள் போக வர 250 நிமிடம். நாலு மணி நேரத்துக்கு மேல். வாடகை குறைகிறதே என்று தள்ளிப் போகிறவர்கள் இந்த நேரத்தையும், கூடுதல் பயணச் சீட்டுச் செலவையும் சேர்த்துக் கழித்துப் பார்க்க வேண்டும். நூலகம் மூடும் நேரத்துக்குப் பிறகு கடைசி வண்டி இருக்கிறதா என்பதும் முக்கியம்.

அறையைப் பார்க்கும்போது

கையில் டார்ச் இருக்கட்டும். போன் வெளிச்சம் போதும். மெத்தை உறையை ஒரு மூலையில் விலக்கி, ஓரத் தையலை விரலால் பிரித்து, பக்கவாட்டில் வெளிச்சம் அடியுங்கள். மார்க்கர் பேனாவால் குத்தியதுபோல் கரும்புள்ளிகள் வரிசையாக இருந்தாலோ, வெளிறிய பழுப்புத் தோல்கள் ஒட்டியிருந்தாலோ அது மூட்டைப்பூச்சி. கட்டிலின் தலைப்பலகை, திருகு ஓட்டைகள், இணைப்பு இடுக்குகளையும் பாருங்கள். அடையாளம் தெரிந்தால் அந்த அறை வேண்டாம். ஒருமுறை துணிப்பெட்டிக்குள் ஏறிவிட்டால், துணிகளை 60 டிகிரியில் துவைக்க வேண்டும் அல்லது ட்ரையரில் அதிக சூட்டில் அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும்.

அடுத்தது சுவர். ஜன்னல் மூலை, வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியின் பின்புறம், குளியலறைக் கூரை ஆகிய மூன்று இடங்களில் பூஞ்சணத்தின் கருப்புத் திட்டு உண்டா என்று பாருங்கள். ஒரு சுவரில் மட்டும் புது வண்ணம் பூசியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். குழாயில் வெந்நீர் வர எவ்வளவு நேரமாகிறது, ஜன்னல் பூட்டுகிறதா, அறைக்குள் சிக்னல் கிடைக்கிறதா என்பதெல்லாம் இரண்டு நிமிட வேலை. எரிவாயு அடுப்போ எரிவாயு ஹீட்டரோ உள்ள வீடென்றால் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வீட்டில் இருக்கும்போது தலைவலியும் கிறுகிறுப்பும் வந்து, வெளியே போனால் தெளிந்தால் சந்தேகப்பட வேண்டும். உடனே வெளியேறி, அவசர எண்ணை அழையுங்கள்.

கையெழுத்துக்கு முன்

ஒப்பந்தத்தில் முன்பணம் எவ்வளவு, எந்தக் காரணத்துக்குப் பிடிப்பார்கள், காலி செய்தபின் எத்தனை நாளில் திரும்பி வரும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். வாடகைக்குள் மின்சாரம், தண்ணீர், இணையம், சூடேற்றும் செலவு அடங்குமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். குளிர் நாடுகளில் சூடேற்றும் கட்டணம் பட்ஜெட்டையே புரட்டிவிடும். நாலு பேர் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால், ஒருவர் பாதியில் போனபின் அவர் பங்கை மற்ற மூவர் கட்ட வேண்டிவரலாம். ஆளுக்கொரு தனி ஒப்பந்தம் கிடைத்தால் அதையே எடுங்கள். பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களின் வாடகை ஒப்பந்தத்தை இலவசமாகப் படித்துச் சொல்ல ஆள் இருப்பார்கள், கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

சாவி வாங்கிய நாளிலேயே, பெட்டியைத் திறப்பதற்கு முன், அறை முழுவதையும் வீடியோ எடுங்கள். கீறல், கறை, உடைந்த கைப்பிடி, மீட்டர் எண் எல்லாவற்றையும் கிட்டத்தில் படம் எடுத்து, அன்றே ஹவுஸ் ஓனருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். போனிலேயே கிடக்கும் படத்தைவிட, தேதியோடு அவருக்குப் போய்ச் சேர்ந்த படத்துக்குத்தான் பின்னால் மதிப்பு.

குடியேறிய பின்

ஊரிலிருந்து கொண்டுபோகும் சாதனங்களின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். 100–240 வோல்ட் என்றிருந்தால் ப்ளக் அடாப்டர் மட்டும் போதும். லேப்டாப், போன் சார்ஜர்கள் பெரும்பாலும் இப்படித்தான். 230 வோல்ட் என்று மட்டும் இருந்தால், 120 வோல்ட் நாட்டில் சூடேற்றும் சாதனம் கால் பங்கு சூட்டில்தான் ஓடும். அடாப்டர் முனையின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்ட்டை மாற்றாது.

குளிர்காலத்தில் அறையைக் கெடுப்பது ஈரம். ஒரு மெஷின் துணியை அறைக்குள் உலர்த்தினால் ஏறக்குறைய 2 லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கிறது. மூச்சு, குளியல், சமையல் ஆவியும் சேர்ந்து குளிர்ந்த சுவரில் போய் ஒட்டுகிறது. அங்கேதான் பூஞ்சணம் முளைக்கிறது. சின்ன ஈரமானி ஒன்று வாங்கி வைத்து, அறைக் காற்றின் ஈரப்பதத்தை 40 முதல் 60 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து வைப்பதைவிட, காலையும் மாலையும் 5 முதல் 10 நிமிடம் அகலத் திறப்பது நல்லது. ஈரக்காற்று வெளியேறிவிடும், சுவர் குளிர்ந்துபோகாது. அலமாரியை வெளிச்சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வையுங்கள். காலையில் கண்ணாடியில் நீர் வழிந்தால் துணியால் துடைத்து, அந்தத் துணியை அறைக்கு வெளியே உலர்த்துங்கள். சின்னத் திட்டு வந்தால் முகமூடி, கையுறை போட்டுச் சோப்புத் தண்ணீரால் தேய்த்து நன்றாக உலரவிடுங்கள். ப்ளீச்சோடு வினிகரையோ அமோனியாவையோ ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு வரும்.

மொத்தமாகச் சமைத்து வைப்பது மாணவர்களுக்கு நல்ல வழி. சமைத்ததைப் பெரிய பாத்திரத்திலேயே ஆறவிடாமல் ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். உள்ளே 5 டிகிரியோ அதற்குக் குறைவோ இருக்க வேண்டும். சோற்றில் கூடுதல் கவனம் தேவை. வேகவைத்த பிறகும் பிழைக்கும் நுண்ணுயிர் வித்துகள் அதில் உண்டு; வெளியில் வைத்தால் பெருகி நச்சு சுரக்கும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. அதனால் சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளைக்குள் தீர்த்துவிடுங்கள்.

கைச்செலவுக்கு ஒரு கணக்கு. வாடகை, பயணச் சீட்டு, போன் போக மிஞ்சியதை நான்கால் வகுக்காதீர்கள். மாதக் கடைசி இரண்டு மூன்று நாள் காய்ந்துபோகும். 31-ஆல் வகுத்து, 7-ஆல் பெருக்கினால் வருவதுதான் ஒரு வாரத்துக்கு. ஊர் வங்கி அட்டையைப் பயன்படுத்தும்போது இயந்திரம் "உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, உள்ளூர்ப் பணத்தைத் தேர்ந்தெடுங்கள்; அவர்கள் போடும் மாற்று விகிதம் பெரும்பாலும் உங்களுக்கு நஷ்டம். ஊர் சிம்முக்கு ரீசார்ஜ் தவறாமல் போடுங்கள். வங்கி ஓ.டி.பி. அதற்குத்தான் வரும்.

காலி செய்யும் நோட்டீஸை எழுத்தில், ஒப்பந்தத்தில் சொன்ன நாளுக்கு முன்பே கொடுங்கள். கிளம்பும் நாளில் முதல் நாள் எடுத்த அதே கோணங்களில் மறுபடி படம் எடுத்து, மீட்டர் எண்ணைக் குறித்து, சாவியைப் பெற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.