வியட்நாமுக்கு முதல் பயணம்: திட்டமிடும்போதே நேர்ந்துவிடும் தவறுகள்

வரைபடத்தில் பார்க்கும்போது வியட்நாம் ஒல்லியான நாடாகத் தெரிவதால், ஒரே வீச்சில் முழுவதையும் சுற்றிவிடலாம் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. கடலுக்கும் லாவோஸ் எல்லைக்கும் இடையே மிகக் குறுகிய இடத்தில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் அகலமே உள்ள அந்த நாடு, வடக்கிலிருந்து தெற்காக 1,600 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. முதன்முறை செல்வோர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த நீளத்தைக் கணக்கில் கொள்ளாததால் வருபவை.

அவற்றுள் முதலாவது, "வியட்நாமுக்கு எந்த மாதம் போகலாம்?" என்று கேட்பது. நாடு முழுவதற்கும் பொதுவான பருவம் என்று ஒன்று அங்கே இல்லை. ஜனவரியில் தெற்கிலுள்ள ஹோ சி மின் நகரில் வெயில் 30 பாகையைத் தாண்டும். அதே வாரத்தில் வடக்கிலுள்ள தலைநகர் ஹனோய்க்குக் குளிராடை தேவைப்படும். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள வடக்கு மலையூரான சா பாவில் பனிமூட்டத்தில் எதிரிலுள்ள மலைகூடத் தெரியாமல் போகலாம். மழைக்காலங்களும் ஒத்துப்போவதில்லை. வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய மே மாதம் தொடங்கிப் பெய்யும் மழை, நடுப்பகுதிக் கடற்கரையில் மட்டும் செப்டம்பருக்குப் பிறகே வலுக்கிறது. கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் வடகிழக்குக் காற்றை மேற்கிலுள்ள அன்னாமைட் மலைத்தொடர் தடுத்து நிறுத்துவதால், அந்த ஈரம் முழுவதும் ஹுவே, டா நாங், ஹோய் ஆன் ஆகிய ஊர்களின் மீது கொட்டுகிறது. அக்டோபர், நவம்பரில் ஹோய் ஆனின் பழைய தெருக்களில் ஆற்று நீர் புகுந்து படகு ஓடுவதும் உண்டு. வடக்கே வானம் தெளிந்திருக்கும் அந்த மாதங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, நடுவே வெள்ளத்தில் மாட்டிக்கொள்பவர்கள் பலர். தெற்கின் மழையோ பெரும்பாலும் பிற்பகலில் ஓரிரு மணி நேரம் பெய்து ஓய்ந்துவிடுவதால், அதற்கு அஞ்சிப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. மூன்று பகுதிகளையும் ஒரே பயணத்தில் பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு மார்ச், ஏப்ரல் மாதங்கள் ஓரளவு பொருந்தும். மற்ற மாதங்களில், முதலில் மாதத்தை உறுதி செய்துகொண்டு அதற்கேற்ற பகுதியைத் தேர்வதே என் பார்வையில் சரியான வரிசை.

அடுத்த தவறு, பத்து நாட்களுக்குள் ஏழெட்டு ஊர்களை அடக்குவது. ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகருக்கு 1,726 கிலோமீட்டர் நீளும் இருப்புப் பாதையில் செல்ல முப்பது மணி நேரத்துக்கு மேலாகும். விமானத்தில் இரண்டு மணி நேரம் சொச்சம்தான். ரயில் அனுபவம் வேண்டுமென்றால், ஹாய் வான் கணவாயின் கடலோரத்தை ஒட்டிச் செல்லும் ஹுவே–டா நாங் பகுதியில் மட்டும் ஏறினாலே போதும். ஹோய் ஆனுக்கு விமான நிலையமோ ரயில் நிலையமோ கிடையாது என்பதும், சா பாவுக்கு ரயிலில் செல்பவர் லாவோ காயில் இறங்கி மலைச்சாலையில் ஏற வேண்டும் என்பதும் திட்டத்தில் விடுபட்டுப்போகின்றன. இப்படி ஒவ்வோர் ஊர் மாற்றமும் ஓசையின்றி அரைநாளைத் தின்றுவிடும். இதனுடன், வந்திறங்கிய நகரிலிருந்தே திரும்புவதாகப் பயணச்சீட்டு எடுப்பவர், பார்த்து முடித்த நாட்டின் மறுமுனைக்கு வீணாக மீண்டும் பறக்க நேரிடுகிறது. ஹனோயில் இறங்கி ஹோ சி மின் நகரில் விமானம் ஏறும்படி எடுப்பதே சிக்கனம்.

வடக்கிலுள்ள ஹா லாங் விரிகுடாவையும் தெற்கிலுள்ள மீகாங் கழிமுகத்தையும் தலா ஒரே நாளில் போய்வரும் இடங்களாகக் கருதுவதும் இதே வகைத் தவறுதான். மீகாங் கழிமுக நகரான கான் தோவுக்கு அருகிலுள்ள காய் ராங் மிதக்கும் சந்தை விடியற்காலையிலேயே களைகட்டி, வெயில் ஏறுமுன் கலைந்துவிடும். அதைப் பார்க்க முந்தின இரவே கான் தோவில் தங்கியாக வேண்டும்.

ஜனவரி இறுதிக்கும் பிப்ரவரி நடுப்பகுதிக்கும் இடையே வரும் டெட் எனும் சந்திரப் புத்தாண்டை நாட்காட்டியில் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது. நாடே சொந்த ஊருக்குத் திரும்பும் அந்த நாட்களில் பயணச்சீட்டு கிடைப்பது அரிது. கடைகளும் பல நாட்கள் அடைத்திருக்கும்.

2023 ஆகஸ்ட் முதல் மின்விசா 90 நாட்கள் வரை வழங்கப்படுகிறது. ஆனால் பெயரில் ஓர் எழுத்து கடவுச்சீட்டுடன் முரண்பட்டாலும் சிக்கல்தான். பணத்தாள்களிலும் கண் வைக்க வேண்டும்: 20,000 டோங், 500,000 டோங் ஆகிய இரண்டுமே நீலச் சாயல் கொண்டவை, மதிப்பிலோ 25 மடங்கு வேறுபாடு. வடகோடியிலுள்ள ஹா ஜியாங் மலைச்சாலைகளில் இரு சக்கர வாகனம் ஓட்ட விரும்புவோர், தங்களிடமுள்ள பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி 1968ஆம் ஆண்டு வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தின்படி வழங்கப்பட்டதா என்று புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். 1949ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தத்தின் அனுமதியை வியட்நாம் ஏற்பதில்லை. செல்லாத அனுமதியோடு ஓட்டி விபத்தில் சிக்கினால், பயணக் காப்பீட்டுத் தொகையும் மறுக்கப்படலாம்.