இலைச்சாறு பழுப்பாகாமல் பெராக்சிடேஸ் அளப்பது எப்படி?

ஆஸ்பிரின் கொடுத்த புகையிலையில் மொசைக் வைரசின் புள்ளிகள் குறைவதை 1979-இல் ஆர். எஃப். ஒயிட் காட்டினார். அதை நானும் செய்து பார்க்க இறங்கி, எதிர்ப்போடு சேர்ந்து இலையில் ஏறும் பெராக்சிடேஸ் என்ற நொதியை அளக்கும் இடத்தில் இரண்டு வாரம் மாட்டிக்கொண்டேன்.

முதலில் செடி. சாந்தி-என்சி என்ற புகையிலை ரகம் நல்லது. ஆஸ்பிரினின் நெருங்கிய உறவான சாலிசிலிக் அமிலத்தை 1 மில்லிமோலார் அளவில், பி.எச். 7 பக்கம் கொண்டுவந்த பிறகே தெளியுங்கள். மூன்று நாள் கழித்து இலையில் கார்போரண்டம் (இலையை நுண்ணியதாகக் கீறும் உரசு தூள்) தூவி, வைரஸ் சாற்றை மெல்லத் தேய்த்து உடனே அலசுங்கள். இரண்டாம் நாள் இலையைப் பறிக்கலாம்.

அப்புறம் சாறு. நான் விழுந்த இடம் இதுதான். 1 கிராம் இலையை 2 மி.லி. பாஸ்பேட் பஃபரில் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்; 0.1 மோலார், பி.எச். 7) அரைத்தேன், கொஞ்ச நேரத்தில் பழுப்பாகிவிட்டது. இலையின் பீனால்கள் குயினோன்களாக மாறி நொதிப் புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. வாழைப்பூவை நறுக்கியதும் மோரில் போடுகிறோமே, அதே கவலைதான். இங்கே மோருக்குப் பதில் பிவிபிபி என்ற, நீரில் கரையாத பாலிமர் தூள், பஃபரில் 1 சதவீதம். கரையும் பிவிபியை விட இதுதான் எனக்குப் பிடிக்கும். பீனாலைப் பிடித்துக்கொண்டு சென்ட்ரிஃபியூஜில் அடியில் போய்விடும். கல்வத்தை முந்தின இரவே ஃப்ரீசரில் வையுங்கள். அரைக்கும் இயந்திரம் சூடேற்றும், எனக்கு ஒத்துவரவில்லை. 4 டிகிரியில் 15 நிமிடம் சுற்றி, தெளிந்த சாற்றைப் பனிக்கட்டியில் வையுங்கள்.

அளப்பது சுலபம். குவெட்டில் (நிறமானியில் வைக்கும் சிறு குப்பி) பஃபர், நொதி வேலை செய்தால் நிறம் தரும் குவாயகால், சாறு, கடைசியாக ஹைட்ரஜன் பெராக்சைடு. ஆரஞ்சுப் பழுப்பு ஏறுவதை 470 நானோமீட்டரில் பாருங்கள். முதல் நிமிடத்தின் நேர்கோட்டுப் பகுதி போதும். நிறம் மிக வேகமாக ஏறினால் சாற்றைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்யுங்கள். வரும் வேகத்தைப் புரத அளவால் வகுக்க வேண்டும். நொதி ஏறியது என்பதற்காக எதிர்ப்பு வந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். இலைப் புள்ளிகளையும் எண்ணுங்கள்.

பின்சேர்க்கை: ஒப்பீட்டுச் செடியைத் தொடவே இல்லை என்று ஒரு வாசகர் சொன்னார். காயம் பட்டாலே பெராக்சிடேஸ் ஏறும். அதையும் கார்போரண்டத்தோடு வெறும் பஃபரால் தேய்க்க வேண்டும்.

இன்னொருவருக்கு மே மாதத்தில் புள்ளியே வரவில்லை, வைரஸ் பரவி செடி முழுக்க மொசைக் திட்டுகள். வைரசை அந்த இடத்திலேயே மடக்கும் என்-மரபணு (என்னுடையதல்ல, அதன் பெயரே அது) 28 டிகிரிக்கு மேல் வேலை செய்யாது. செடிகளை ஏசி அறைக்கு மாற்றினார், புள்ளிகள் வந்தன.