சிங்கப்பூர்ச் சூதாட்டக்கூடத்திற்குச் செல்வதற்கு முன்

சிங்கப்பூரில் சட்டப்படி இயங்கும் சூதாட்டக்கூடங்கள் இரண்டே: ஒன்று மரினா பே சாண்ட்ஸ் விடுதி வளாகத்தில், மற்றொன்று செந்தோசாத் தீவில். இரண்டும் 2010இல் திறக்கப்பட்டன.

உள்ளே செல்ல 21 வயது நிறைந்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பயணிகள் அசல் கடவுச்சீட்டைக் காட்டினால் போதும்; குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 24 மணி நேரத்திற்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நுழைவுத்தீர்வை செலுத்த வேண்டும். அந்தத் தொகையை ஆடி மீட்டுவிடலாம் என்று கணக்குப் போடுபவர் வீட்டிலேயே இருப்பது நல்லது.

ஆடுவதென்றால், இழந்தாலும் வருந்தாத தொகையை ரொக்கமாக எடுத்துக்கொண்டு, வங்கி அட்டையை விடுதியில் வைத்துவிடுங்கள். கூடத்திற்குள் பணம் எடுக்கும் இயந்திரம் இல்லாததும் இதற்கு உதவும். ரூலெட் என்பது சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் நிற்கும் எனப் பந்தயம் கட்டும் ஆட்டம். ஒற்றைச் சுழியம் உள்ள சக்கரத்தில் 37 எண்கள் இருக்க, ஓர் எண்ணில் கட்டி வென்றவருக்குக் கட்டிய பணம் போகக் கிடைப்பது அதைப்போல் 35 மடங்குதான் என்பதால், ஒவ்வொரு நூறு வெள்ளிப் பந்தயத்திலும் சராசரியாக 2.70 வெள்ளி கூடத்திற்கே போகிறது. நேரம் நீள நீள இந்த இழப்பும் பெருகும்.

பழக்கம் கைமீறுவதாகத் தோன்றினால், தம்மை உள்ளே அனுமதிக்க வேண்டாமென ஒருவர் தாமே விண்ணப்பித்துத் தடை பெறலாம். குடும்பத்தாரும் அவருக்காக விண்ணப்பிக்கலாம்.

மாலையில் கரையோரப் பூந்தோட்டங்களுக்கு (Gardens by the Bay) செல்லுங்கள். அங்கு 7.45க்கும் 8.45க்கும் மர வடிவிலான ராட்சதக் கோபுரங்களில் நடைபெறும் ஒளி, இசைக் காட்சிக்குக் கட்டணமில்லை.