உடைந்த குதிரைப் பொம்மையை வீட்டில் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சோகேசிலிருந்து விழுந்து உடைந்த குதிரைகள் என்னிடம் வந்தபடியே இருக்கின்றன. பெரும்பாலும் கனடாவிலோ ஜேர்மனியிலோ இருக்கும் மாமி, சித்திமார் பிள்ளைகளுக்கு அனுப்பியவை. உடைந்த உடனே கொண்டுவந்தால் வேலை சுலபம். வீட்டில் ஒருதரம் திருத்திப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுவருகிறார்கள். தொடக்கத்தில் நான் செய்த அதே பிழைகள்தான் இன்றும் வருகின்றன. துண்டைத் தொலைக்காதே, தூசியைத் துடைத்துவிட்டு ஒட்டு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விடுவோம்.

முறிந்த காலுக்கு வெறும் சூப்பர் குளூ

இதை மட்டும் இன்னும் என்னால் பொறுக்க முடியவில்லை.

பிரேயர் என்ற அமெரிக்கக் கம்பனியின் பிளாஸ்ரிக் குதிரைகளில் பெரியவை 1:9 அளவில், அதாவது உண்மைக் குதிரையின் ஒன்பதில் ஒரு பங்காக வருகின்றன. கால் முறிவது அநேகமாக முழங்காலுக்கும் குளம்புக்கும் இடையில், மிக மெல்லிய இடத்தில். அங்கே ஒட்டுவதற்குக் கிடைப்பது ஒரு சின்ன வட்டம்தான். சூப்பர் குளூ நேராக இழுத்தால் தாங்கும், பக்கவாட்டில் தட்டுப்பட்டால் சட்டென்று விட்டுவிடும். காய்ந்தபின் அதற்கு வளைந்து கொடுக்கத் தெரியாது. தூசி தட்டும்போது கை பட்டாலே போதும், கால் கழன்றுவிடும். உடனே அதே இடத்தில் இன்னொரு சொட்டு. பழைய பசை இறுகிப்போய் இருப்பதால் இரண்டு முகமும் பொருந்தாது, கால் சரிந்து நிற்கும்.

பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருவன், "மாமா, நாலு தரம் ஒட்டினனான், நிக்குதேயில்லை" என்று கொண்டுவந்தான். முறிந்த முகத்தில் பசை மேடு மேடாக இருந்தது, அதற்குள் பஞ்சு நாரும் ஒட்டியிருந்தது. பிளேட்டால் சுரண்டி எடுத்தபோது காலும் கொஞ்சம் குறைந்துவிட்டது. பிறகு குழைத்து வைத்தால் இறுகிவிடும் எப்பொக்சி மண் வைத்து உயரத்தைக் கூட்ட வேண்டியதாயிற்று. முதல் நாளே கொண்டுவந்திருந்தால் இத்தனையும் தேவையில்லை.

இதைவிட மோசம், அந்தப் பசையை எடுக்கக் கியூடெக்ஸ் ரிமூவர் பூசுவது. பெரும்பாலானவற்றில் அசற்றோன் இருக்கிறது. பிரேயர் குதிரையின் பிளாஸ்ரிக் செலுலோஸ் அசற்றேற். அசற்றோன் அதைக் கரைத்துவிடும். பசையோடு காலும் இளகும், பெயின்ற்றும் போய்விடும். இளகின இடத்தில் விரலடையாளம் பதிந்து அப்படியே காய்ந்த குதிரையைப் பார்த்திருக்கிறேன். அதற்கு மருந்தில்லை, அரத்தாளால் தேய்த்துப் புதிதாக நிறம் கொடுக்க வேண்டியதுதான்.

காலுக்குள் கம்பி வைத்தே ஆக வேண்டும். ஒரு முகத்தின் நடுவில் பொட்டளவு பெயின்ற் வைத்து மற்ற முகத்தோடு அழுத்துங்கள், துளை போட வேண்டிய இடம் இரண்டிலும் தெரியும். 1 மி.மீ. துளையூசியைக் கையாலேயே மெதுவாகத் திருப்புங்கள். மின் துளைப்பான் சூடேற்றிப் பிளாஸ்ரிக்கை உருக்கும். இரு பக்கமும் 5, 6 மி.மீ. ஆழம் போதும். பித்தளைக் கம்பியை அரத்தால் சொரசொரப்பாக்கி, பசையில்லாமல் ஒருதரம் பொருத்திப் பாருங்கள். பொருந்தினால், இரண்டு குழாயாக வரும் எப்பொக்சிப் பசையான அரல்டைற்றைச் சம அளவில் குழைத்து ஒட்டுங்கள். பிதுங்கியதை உடனே துடைத்து, ரேப்பால் கட்டி, 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள். பிள்ளைகள் கெதியாகத் தரச்சொல்லி நிற்பார்கள், கொடுக்கவேண்டாம்.

எல்லாக் குதிரைக்கும் ஒரே வைத்தியம்

ஷ்லைக் என்ற ஜேர்மன் கம்பனியின் குதிரைகள் உள்ளே திண்மமானவை, கொஞ்சம் வளைந்து கொடுப்பவை. அவற்றில் அரல்டைற் உரிந்து வரக்கூடும். கம்பியோடு சூப்பர் குளூ வைத்தால் நிற்கும். எனாமல் பெயின்ற் அந்த மென்மையான பிளாஸ்ரிக்கில் பிசுபிசுத்தபடியே கிடக்கும், அக்ரிலிக் போடுங்கள். பீங்கான் குதிரையில் துளை போடவே வேண்டாம், வெடித்துவிடும்.

மழைக்காலத்தில் மூடிவைப்பது

காது நுனி போன்ற சின்னத் துண்டுகளுக்குச் சூப்பர் குளூ நல்லது. ஆனால் அது ஈரத்தால் இறுகுவது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்று நனைந்திருக்கும்போது பசையின் ஆவி சுற்றிலும் வெள்ளைப் படலமாகப் படியும். கறுப்புக் குதிரையில் வடிவாகத் தெரியும். ஊசி நுனியால் தொட்டு வையுங்கள், ஒட்டிய உடனே பெட்டிக்குள் மூடவேண்டாம்.

வெயிலில் காயவைத்தல்

வேண்டாம். கால் வளைந்துவிடும்.

முழுக்கப் பெயின்ற் அடித்தல்

ஒட்டின இடத்தை மட்டும் தொடுங்கள். சேகரிப்பவர்கள் தேடுவது கம்பனி அடித்த நிறத்தை.

வளைந்த காலைக் கையால் நிமிர்த்துதல்

இப்படித்தான் நல்ல காலும் முறிகிறது. கொதித்து இறக்கிய தண்ணீரில் அந்தக் காலை மட்டும் பிடித்து, இளகியதும் நிமிர்த்தி, நேராகக் குளிர்ந்த தண்ணீரில் வையுங்கள். பிரேயர் குதிரையின் மூக்கிலோ வாயோரத்திலோ சின்னக் காற்றுத் துளை இருக்கும், அதற்குள் தண்ணீர் போகவிடாதீர்கள். இதை ஒட்டுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்: சூட்டில் அரல்டைற்றும் இளகும், ஒட்டின கால் கையோடு வந்துவிடும்.