மாடி டேங்கில் தண்ணீர் எவ்வளவு? போனில் பார்க்க ஒரு நோட் எம்.சி.யு. செய்முறை

டேங்க் வழிந்த பிறகுதான் மோட்டார் ஓடிக்கொண்டிருப்பது ஞாபகம் வருகிறதா? அப்படியானால் டேங்க் மூடியிலிருந்து தண்ணீர் வரை உள்ள தூரத்தை ஒலியால் அளந்து போனில் காட்டும் இந்தக் கருவியைச் செய்து மாட்டிவிடுங்கள். நிரல் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. டாஸ்மோட்டா என்ற இலவச மென்பொருளைச் சிப்பில் ஏற்றினால் போதும். சிரமமெல்லாம் வயரிங்கிலும் சென்சாரைப் பொருத்துவதிலும்தான் வரும்.

தேவையானவை:
- நோட் எம்.சி.யு. போர்டு (இ.எஸ்.பி. 8266 என்ற வைஃபை சிப் உள்ள சின்ன போர்டு) – 1
- ஜே.எஸ்.என். எஸ்.ஆர்.04டி அல்ட்ராசோனிக் சென்சார் (ஒலி அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளப்பது) – 1
- 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் – 3
- 470 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கப்பாசிட்டர் – 1
- 5 வோல்ட், 1 ஆம்பியர் போன் சார்ஜர்
- மைக்ரோ யு.எஸ்.பி. டேட்டா கேபிள், பிரெட்போர்டு, ஜம்பர் வயர்கள், மழை புகாத பிளாஸ்டிக் பெட்டி

இரண்டு கண் வைத்த எச்.சி. எஸ்.ஆர்.04 சென்சார் இதைவிட மலிவு. ஆனால் அதன் முகம் திறந்திருக்கும். டேங்க் ஆவி உள்ளே இறங்கிக் கெட்டுவிடும். டேங்குக்கு அது வேண்டவே வேண்டாம்.

1. மென்பொருள் ஏற்றுதல்

எதையும் இணைக்காமல் போர்டை மட்டும் கணினியில் செருகுங்கள். குரோம் உலாவியில் டாஸ்மோட்டாவின் வெப் இன்ஸ்டாலர் பக்கத்தைத் திறந்து, 'டாஸ்மோட்டா சென்சார்ஸ்' பதிப்பைத் தேர்ந்து ஏற்றுங்கள். சாதாரணப் பதிப்பில் இந்தச் சென்சாருக்கான பகுதி இருக்காது. இன்ஸ்டாலரில் யு.எஸ்.பி. போர்ட்டே தெரியவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்; பல கேபிள்களில் சார்ஜ் ஏறும், டேட்டா போகாது. அதன் பிறகும் தெரியாவிட்டால் போர்டின் யு.எஸ்.பி. சிப்புக்கான சி.எச்.340 டிரைவரை நிறுவுங்கள். போர்டில் சி.பி.2102 சிப் இருந்தால் அதற்கான டிரைவர்.

அடுத்து வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். இந்தச் சிப்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் பெயரைக் கொடுத்தால் கடைசி வரை சேராது.

2. வயரிங்

சென்சாரின் 5 வோல்ட் முனை போர்டின் வின் முனைக்கு, கிரவுண்ட் கிரவுண்டுக்கு, டிரிக்கர் (அளக்கச் சொல்லும் முனை) டி5க்கு. சில போர்டுகளில் வின் முனைக்கு யு.எஸ்.பி.யின் 5 வோல்ட் வராது, வி.யு. முனையில்தான் வரும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு இணையுங்கள். கப்பாசிட்டரை இதே 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே, கோடு போட்ட கால் கிரவுண்டில் இருக்கும்படி வையுங்கள். வைஃபை அனுப்பும் நொடியில் மின்னோட்டம் திடீரென ஏறி போர்டு ரீசெட் ஆவதை இது தடுக்கும்.

எக்கோ (எதிரொலி வந்ததைச் சொல்லும் முனை) வயரில்தான் கவனம் தேவை. அதில் 5 வோல்ட் வரும். சிப்பின் முனைகள் 3.3 வோல்ட்டுக்கானவை. நேராகச் செருகினால் இன்று வேலை செய்யலாம், பிறகு ஒருநாள் அந்த முனை செத்துப்போகும். எக்கோவிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக டி6க்கு வாருங்கள். டி6இலிருந்து மற்ற இரண்டையும் வரிசையாகக் கோத்து கிரவுண்டில் முடியுங்கள். 5 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 3.3 வோல்ட், டி6க்குக் கிடைக்கும்.

டி3, டி4, டி8 முனைகளைத் தொடாதீர்கள். மின்சாரம் வந்ததும் எப்படித் தொடங்குவது என்பதைச் சிப் அவற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது.

3. அமைப்பு

போர்டின் ஐ.பி. முகவரியை (வைஃபையில் அதற்குக் கிடைத்த எண்) உலாவியில் திறந்து, கான்ஃபிகர் மாட்யூலில் 'ஜெனரிக் 18' தேர்ந்து சேமியுங்கள். மறுபடி அதே பக்கத்தில் டி5க்கு எஸ்.ஆர்.04 டிரிக்கர், டி6க்கு எஸ்.ஆர்.04 எக்கோ. முகப்பில் தூரம் சென்டிமீட்டரில் தெரியும். சுவருக்கு நேராகப் பிடித்து 50, 100 செ.மீ. தூரங்களை டேப்பால் அளந்து ஒப்பிடுங்கள். பூஜ்யமே வந்தால் டிரிக்கரும் எக்கோவும் இடம் மாறியிருக்கும்.

4. பொருத்துதல்

சென்சார் மூடியில் செங்குத்தாகக் கீழே பார்க்க வேண்டும். பக்கச் சுவரையும், தண்ணீர் விழும் குழாயையும் விட்டு விலகி இருக்கட்டும். விழும் தண்ணீரில் ஒலி பட்டால் எண் தாறுமாறாகக் குதிக்கும். போர்டை வைத்த பெட்டியை டேங்குக்கு வெளியே நிழலில் வையுங்கள்.

இந்தச் சென்சாருக்கு 25 செ.மீ.க்குள் இருப்பது ஒழுங்காகத் தெரியாது. தண்ணீர் அதற்கும் மேலே ஏறினால் தப்பான எண் வரும். ஆகவே 30 செ.மீ. காட்டியதுமே மோட்டாரை நிறுத்துங்கள்.

லிட்டர் கணக்குக்கு டேங்கின் உள்விட்டத்தை அளங்கள். 110 செ.மீ. என்றால் ஒவ்வொரு செ.மீ. உயரத்துக்கும் சுமார் 9.5 லிட்டர். தூரத்துக்கு நேரே லிட்டரை எழுதி மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் உதவும்.

மதியமும் விடியற்காலையும் எண் கொஞ்சம் மாறினால் பயப்பட வேண்டாம். 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர் போகும் ஒலி, 40 டிகிரியில் 355 மீட்டர் போகிறது. காற்று அவ்வளவு சூடேறினால் ஒரு மீட்டர் தூரம் 3 செ.மீ. குறைவாகத் தெரியும்.

சின்ன நீல ரிலே (போர்டு இயக்கும் சுவிட்ச்) ஒன்றைச் சேர்த்து மோட்டாரையே ஓட்டலாமே என்று தோன்றும். வேண்டாம். 1 குதிரைத்திறன் மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டம், ஓடும்போது இருப்பதைப்போலப் பல மடங்கு; ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்காது. அதற்குக் கான்டாக்டர் (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் ரிலே) வேண்டும், அதை எலக்ட்ரீஷியன்தான் மாட்ட வேண்டும்.