மே மாத மதியம் ஓமலூர் ரன்வே எவ்வளவு உயரம்? டென்சிட்டி ஆல்டிட்யூட் கணக்கு போடும் முறை

ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்தின் உயரம் 1,008 அடி. விமானிகளின் சார்ட்டில் (வரைபடத்தில்) போட்டிருக்கும் இந்த எண் வெயிலுக்கும் மழைக்கும் மாறாது. ஆனால் இறக்கைக்கும் இன்ஜினுக்கும் சார்ட் படிக்கத் தெரியாது. அவற்றுக்குத் தெரிந்தது காற்றின் அடர்த்தி மட்டும்தான். மே மாதம் மதியம் 2 மணிக்கு அந்த ரன்வே, விமானத்தைப் பொறுத்தவரை, கிட்டத்தட்ட ஏற்காட்டுக்கு ஏறிப்போயிருக்கும். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் டென்சிட்டி ஆல்டிட்யூட் கணக்கு.

வெப்பம் 40 டிகிரி, கியூஎன்எச் (கடல் மட்டத்துக்குக் கணக்கிட்ட அன்றைய காற்றழுத்தம்) 1004 ஹெக்டோபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் பிரஷர் ஆல்டிட்யூட், அதாவது காற்றழுத்தத்தின்படி ரன்வே இருக்கும் உயரம். நியமக் கடல் மட்ட அழுத்தமான 1013-இலிருந்து கியூஎன்எச்சைக் கழித்தால் 9 ஹெக்டோபாஸ்கல். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு 30 அடி என்று 270 அடி. ரன்வே உயரத்தோடு கூட்டினால் 1,278 அடி. சில பைலட் தேர்வுக் கேள்விகளில் 27 அடி என்று கொடுத்திருப்பார்கள், கொடுத்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். பலருக்கு மார்க் போவது கூட்டுவதா கழிப்பதா என்ற இடத்தில். அழுத்தம் குறைந்தால் உயரம் கூடும் என்பதை மனதில் வைத்தால் போதும். ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏற சிப்ஸ் பாக்கெட் உப்புகிறதே, அதே விஷயம்தான்.

அடுத்து, அந்த உயரத்தில் ஐஎஸ்ஏ (சர்வதேச நியம வளிமண்டலம்) வெப்பம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று பார்க்க வேண்டும். கடல் மட்டத்தில் 15 டிகிரி, 1,000 அடிக்கு 2 டிகிரி வீதம் குறையும். 1,278 அடிக்கு சுமார் 12.5 டிகிரி. இங்கே அவசரப்பட்டு 40-இலிருந்து நேராக 15-ஐக் கழிப்பவர்கள் அதிகம். சேலத்தில் அந்தத் தவறுக்கு 300 அடி போகும். மிக உயரத்தில் இருக்கும் லடாக்கின் லே மாதிரி ஓர் இடத்தில் விடை எங்கேயோ போய்விடும்.

40-இலிருந்து 12.5 போனால் 27.5. ஒரு டிகிரிக்கு 120 அடி வீதம் 3,300 அடி. பிரஷர் ஆல்டிட்யூடோடு கூட்டினால் 4,578 அடி. ஏற்காடு சுமார் 4,970 அடி. இன்னும் 400 அடிதான் பாக்கி.

ஈரப்பதம் இந்தக் கணக்கில் இல்லை. நீராவி உலர்ந்த காற்றைவிட லேசானது. கோடை மழை பெய்து ஓய்ந்த புழுக்கமான மாலையில் உண்மையான எண் இன்னும் கொஞ்சம் மேலே இருக்கும்.

இனி இந்த 4,578 விமானத்தை என்ன செய்கிறது? டர்போ இல்லாத பிஸ்டன் இன்ஜின் 1,000 அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். புரொப்பெல்லருக்கும் பிடித்துத் தள்ளக் காற்று குறைவு. இதற்கு மேல், ட்ரூ ஏர்ஸ்பீட் (காற்றில் விமானம் உண்மையில் போகும் வேகம்), மீட்டர் காட்டுவதைவிடச் சுமார் 7 சதவீதம் கூடுகிறது. ஏர்ஸ்பீட் இண்டிகேட்டரில் 55 நாட் (மணிக்கு 55 நாட்டிக்கல் மைல்) வரும்போது, காற்று வீசாவிட்டால், தரையில் ஏறக்குறைய 59 நாட்டில் ஓடிக்கொண்டிருப்பீர்கள். பழகாத மாணவர் ரன்வே வேகமாக ஓடுவதைப் பார்த்து முன்கூட்டியே மூக்கைத் தூக்கிவிடுவார். விமானம் தரையை விட்டு எழும், கிரவுண்ட் எஃபெக்ட்டில் (தரையை ஒட்டிப் பறக்கும்போது கிடைக்கும் உதவியில்) மிதக்கும், மேலே ஏறாது. மூக்கைத் தூக்க வேண்டிய ரொட்டேஷன் வேகத்துக்குக் கண்ணை நம்பக் கூடாது. மீட்டர் காட்டும், வழக்கமான அதே இண்டிகேட்டட் ஏர்ஸ்பீட்தான்.

தூரத்தைப் பார்ப்போம். செஸ்னா 172எஸ் முழு எடையில், கடல் மட்டத்தில், ஐஎஸ்ஏ நிலையில் 960 அடி ஓடி எழும். 50 அடி தடையைத் தாண்ட 1,630 அடி. தோராய விதி: 1,000 அடி உயரத்துக்கு 10 சதவீதம், ஐஎஸ்ஏ-வைவிட 10 டிகிரி கூடுதல் வெப்பத்துக்கு இன்னொரு 10 சதவீதம். இவற்றைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். நம் கணக்குக்கு, 1,278 அடிக்கான 1.13-ஐ 27.5 டிகிரிக்கான 1.30-ஆல் பெருக்கினால் 1.47. அந்த 1,630 இப்போது 2,400-ஐத் தொடுகிறது. எடை 10 சதவீதம் கூடினால் அதன் மேல் இன்னும் 20 சதவீதம். இது மனக்கணக்கு மட்டுமே. முடிவு சொல்ல வேண்டியது விமானக் கையேட்டின் அட்டவணை. அந்த அட்டவணை பிரஷர் ஆல்டிட்யூடையும் வெப்பத்தையும் கேட்கும். அதில் டென்சிட்டி ஆல்டிட்யூடைப் போட்டுவிட்டு மறுபடி 40 டிகிரியையும் போட்டால் ஒரே வெப்பத்தை இரண்டு முறை எண்ணியிருக்கிறீர்கள்.

சேலம் ரன்வே 1,806 மீட்டர், அதாவது 5,900 அடிக்குக் கொஞ்சம் மேல். 172-க்குத் தாராளம். சிக்கல் எழுந்த பிறகுதான். கிழக்கே நேர்கோட்டில் ஏறக்குறைய 16 கிலோமீட்டரில் ஏற்காடு. 9 நாட்டிக்கல் மைல்கூட இல்லை. சேர்வராயன் மலை உச்சி 5,300 அடிக்கு மேல். அதை 1,000 அடி இடைவெளியில் தாண்ட 6,300 அடிக்குப் போக வேண்டும், அதாவது ரன்வேயிலிருந்து 5,300 அடி ஏற வேண்டும். அன்றைய வெயிலில் நிமிடத்துக்கு 500 அடி கிடைக்கிறது என்று கொள்வோம். இண்டிகேட்டட் 74 நாட் என்றால் ட்ரூ 79, நிமிடத்துக்கு 1.32 நாட்டிக்கல் மைல். ஒரு நாட்டிக்கல் மைலுக்கு 380 அடி. காற்றே வீசாவிட்டாலும் 14 நாட்டிக்கல் மைல் வேண்டும். நேராகக் கிழக்கே திரும்பினால் மலைதான் முதலில் வரும். அதுவும் மேலே போகப் போக அந்த 500 குறையும். ஆகவே சமவெளியின் மேலேயே வட்டமடித்து உயரத்தைச் சேர்த்துக்கொண்டுதான் மலைப்பக்கம் திரும்ப வேண்டும்.

ஏர்லைன் நேர்முகத்தில் இதே விஷயம் வேறு வேஷத்தில் வரும்: ரன்வே நீளமாக இருந்தும் வெயில் நாளில் ஏன் எடையைக் குறைக்கிறார்கள்? இரட்டை இன்ஜின் விமானம் ஒரு இன்ஜின் போன பின்பும், சக்கரங்கள் மடங்கியபின் வரும் இரண்டாம் கட்ட ஏற்றத்தில் 2.4 சதவீத கிரேடியண்ட் (100 அடி முன்னே போக 2.4 அடி ஏற்றம்) காட்ட வேண்டும். ஜெட் இன்ஜின்கள் ஒரு வெப்பம் வரைதான் முழுத் தள்ளுவிசை தரும். போயிங் 737-இன் சிஎஃப்எம்56-7பி இன்ஜினுக்கு அது கடல் மட்டத்தில் 30 டிகிரி. அதற்கு மேல் தள்ளுவிசை இறங்கும். ரன்வேயை நீட்டினால் ஓட இடம் கிடைக்கும், ஏறும் திறன் கிடைக்காது. தரையில் ஓடும் வேகம் கூடுவதால் குறுக்கிடும் டயர் வேக வரம்பையும் சேர்த்துச் சொன்னால் கேட்பவர் தலையாட்டுவார்.

கையோடு இன்னொரு கணக்கு. அதே நாள் காலை 6 மணி: 25 டிகிரி, கியூஎன்எச் 1007. பிரஷர் ஆல்டிட்யூட் 1,188, ஐஎஸ்ஏ வெப்பம் 12.6, வித்தியாசம் 12.4. விடை 2,676 அடி. மதியத்துக்குள் அதே ரன்வே 1,900 அடி ஏறியிருக்கும்.